ஒன்றரைக்கண் புலி

மாட்டைச் சிறுத்தையாக்கியவன் நான்.

சும்மா சொல்லவில்லை, ஆம்பூர்ப் பக்கம் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். முடியோடு பதனிட்ட மாட்டுத்தோலை மேசையில் விரித்து, மேலே ஸ்கிரீனை வைத்து, ரப்பர் கட்டையால் சாயத்தை ஒரே இழுப்பு இழுத்தால் சிறுத்தை. ஸ்கிரீனை மாற்றி இழுத்தால் வரிக்குதிரை. எந்தெந்த ஊர்ப் பெண்களோ சிறுத்தைத்தோல் பை என்று தோளில் மாட்டிக்கொண்டு நடந்தார்கள். அது வைக்கோல் தின்று வளர்ந்த ஜீவன் என்பது எனக்கும் அந்த மாட்டுக்கும்தான் தெரியும்.

போன மே மாதம் ஓய்வு பெற்றேன். கம்பெனியில் இப்போது கம்ப்யூட்டர் மெஷின் வந்துவிட்டது. பொத்தானை அமுக்கினால் புலி ஒரு மெல்லிய தாளில் வந்து விழுகிறது; தாளைத் துணிமேல் வைத்துச் சூடு காட்டினால் ஒட்டிக்கொள்கிறது. அந்த மெஷினை ஓட்டும் பெண்கள் ஆண்டு மலருக்காக எனக்குப் போன் செய்தார்கள். “மாஸ்டர், கையால அடிச்ச காலத்தைப் பத்தி எழுதிக் குடுங்க” என்றார்கள். காலத்தைப் பற்றி எழுத நான் என்ன பஞ்சாங்கமா? என்னைப் பற்றி எழுதுகிறேன் என்றேன். எனக்கும் ஒரு புலியைப் பற்றிச் சொல்லவேண்டியது பாக்கி இருந்தது.

என் பெயர் ஏழுமலை. ஊர் மாதனூருக்குப் பக்கம். படிப்பு ஐந்தாம் வகுப்பு. அந்த ஐந்தை இரண்டு தடவை படித்ததால் ஆறு என்றே வைத்துக்கொள்ளலாம். பதினாறு வயதில் கம்பெனி பஸ்ஸில் ஏறினேன். ஸ்கிரீன் கழுவினேன், சாயம் கலக்கினேன், மூன்றாம் வருஷம் ரப்பர் கட்டையைப் பிடித்தேன். ஐந்தாம் வருஷம், எனக்குக் கட்டையைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவரே என்னைக் கூப்பிட்டு, “டேய், இது நேரா இருக்குதா பாரு” என்று கேட்க ஆரம்பித்தார். டேப் வைக்காமல், நின்ற இடத்திலிருந்தே கால் இஞ்ச் கோணலைச் சொல்லிவிடுவேன். ‘ஏழுமலை கண்ணு டேப்பு’ என்று தோல் பக்கம் முழுக்கப் பேச்சு. பயிற்சிக் காலம் அவ்வளவுதான். கெட்டிக்காரனுக்கு அது சுருக்கமாகத்தான் இருக்கும்.

எங்களிடம் ஷூ வாங்கும் வெளிநாட்டுப் பார்ட்டி ஒருநாள் புதிதாக ஒன்று கேட்டது. அவர்கள் ஊர்க் குளிரில் ஞாயிற்றுக்கிழமை யாரும் வீட்டைவிட்டு வெளியே வர மாட்டார்களாம். மெத்துமெத்தென்று குல்லா வைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு சோபாவில் கிடப்பார்களாம். அந்தச் சட்டையில் கரடி, ஓநாய், ஆந்தை, யானை, புலி என்று காட்டு மிருகம் வேண்டுமாம். வீட்டைவிட்டே வராதவனுக்குக் காடு எதற்கு என்று நான் கேட்கவில்லை. ஷூ கட்டடத்துக்குப் பின்னால் தகர ஷெட் போட்டுத் துணிப் பிரிவைத் தொடங்கினார்கள். “பிரிண்டிங்குக்கு யாரு?” என்று கேட்டபோது எல்லா விரலும் என்னைக் காட்டின. அதில் ஒரு விரல் என்னுடையது.

எங்கள் பக்கத்து வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த வெயிலில், அந்தத் தகரத்தின் கீழ், சூடு காட்டும் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு பனி பெய்யும் ஊருக்குச் சட்டை செய்தோம். துணியின் உள்பக்கம் பஞ்சாக இருக்கும். அது பறந்து வந்து வியர்வையில் ஒட்டிக்கொள்ளும். சாயங்காலம் பஸ் ஏறும்போது பார்த்தால் நாங்களே மிருகங்கள்தான். “கரடிங்கள்லாம் பின்னாடி போய் உக்காருங்கப்பா” என்பார் டிரைவர்.

வேலையைக் கொஞ்சம் சொல்கிறேன். நீள மேசை. அதன்மேல் வெட்டிய முன்பக்கத் துண்டுகளை வரிசையாக, அசையாதபடி ஒட்டி வைப்போம். ஸ்கிரீன் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் முட்டி நிற்க மேசையோரம் ஆணி. புலிக்கு ஐந்து ஸ்கிரீன். முதலில் அடிவெள்ளை, பிறகு மஞ்சள், ஆரஞ்சு, கறுப்பு, கடைசியில் மறுபடியும் வெள்ளை. ஒன்று காய்ந்த பிறகுதான் அடுத்தது. கட்டையைச் சாய்த்துப் பிடித்துத் தோள்பட்டையால் இழுக்க வேண்டும். மணிக்கட்டால் இழுத்தால் புலிக்கு அம்மைத் தழும்பு விழும். கண்ணில் வைக்கும் வெள்ளைப் புள்ளிதான் கடைசி ஸ்கிரீன். புள்ளி விழும்வரை அது படம். விழுந்த பிறகு மிருகம். அந்த ஸ்கிரீனை மட்டும் நான் யார் கையிலும் கொடுத்ததில்லை.

எங்கள் குவாலிட்டி மேனேஜர் ரோஸ்லின் மேடம், காட்பாடிக்காரர். அவர் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை, அதனாலேயே பயம். எந்தச் சட்டையைக் கொடுத்தாலும் முகத்தைப் பார்க்க மாட்டார். முதலில் உள்பக்கத்தைத் திருப்புவார். ஒவ்வொரு தையலையும் கட்டைவிரல் நகத்தால் வருடிக்கொண்டே போவார். குறை தென்பட்டால் அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டி, “அப்படியா” என்பார். நாங்கள் யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டோம். சட்டையிடம்தான் சொல்கிறார்.

அதற்குப் பிறகுதான் விஷயமே. புடவைக்கு மேலேயே அந்தச் சட்டையைப் போட்டுக்கொள்வார், கத்திரி வெயிலானாலும் சரி. இரண்டு கையையும் தூக்குவார். உட்காருவார், எழுவார். குல்லாவைத் தலையில் போட்டு இரண்டு பக்கமும் திரும்புவார். “நிக்கும்போது எல்லாத் துணியும் நல்ல துணிதான். உக்காந்தாத்தான் அதோட குணம் தெரியும்” என்பார். நெற்றியிலிருந்து ஒரு சொட்டு வியர்வை இறங்கும். அதைத் துடைக்காமல் கையெழுத்துப் போடுவார். புடவைமேல் ஓநாயும் தலையில் குல்லாவுமாக அவர் ஷெட்டுக்குள் நடந்து வரும்போது சிரிக்காமல் நிற்பதுதான் அங்கே எல்லாவற்றிலும் கடினமான வேலை.

இப்போது புலி.

அதுவரை நாங்கள் செய்தவை தலைவழியாக மாட்டும் சட்டைகள். முன்பக்கம் ஒரே துண்டு. பார்ட்டி திடீரென்று புலியை ஜிப் வைத்த சட்டையில் கேட்டது. அதாவது முகம் நடுவில் இரண்டாகப் பிளந்து, வலப்பாதி ஒரு துண்டில், இடப்பாதி இன்னொரு துண்டில். ஜிப்பை ஏற்றினால் இரண்டும் சேர்ந்து முழுப்புலி. மூன்றாம் நாள் அவர்களுடைய ஆள் நேரில் பார்க்க வருவதாக இருந்தது.

“ஏழுமலை, ஒரு பீஸ் மட்டும் அடிங்க. தைச்சுப் பாத்துட்டு மீதியை அடிக்கலாம்” என்று சொல்லிவிட்டு மேடம் உறவுக்காரர் கல்யாணத்துக்குப் போனார்.

“நீங்க போய்ட்டு வாங்க மேடம். புலிதான் என்னைப் பாத்துப் பயப்படணும்” என்றேன்.

அன்றைக்கே இருநூறு ஜோடியையும் அடித்து முடித்துவிட்டேன். ஆரஞ்சு அவ்வளவு அழகாகக் கூடி வந்திருந்தது. நிறுத்த மனம் வரவில்லை. உண்மையைச் சொன்னால், ஒரு பீஸ் அடித்துப் பார்ப்பது எனக்கு மரியாதைக் குறைவாகப் பட்டது.

மறுநாள் முதல் சட்டையைத் தைத்தவள் செல்வி. எங்கள் ஊர்ப் பக்கத்துப் பெண். அதற்குமுன் ஷூ பிரிவில், ஷூவின் வாய் ஓரத்துக்குப் பசை தடவி நாடா ஒட்டும் வேலையில் இருந்தாள். அந்தப் பசை நெடி அவளுக்கு ஆகவில்லை, மூச்சு இழுத்தது. கேட்டுக் கேட்டு, அலைந்து, துணிப் பக்கம் மாறி வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. ஒரு மாதம் வேலையைப் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்று லைன் சூப்பர்வைசர் தனசேகர் சொல்லியிருந்தார். சரிப்படவில்லை என்றால் மறுபடியும் பசைதான்.

மேடம் அவள் தைத்ததை வாங்கி உள்பக்கத்தைத் திருப்பினார். வருடினார். அம்பு ஒட்டவில்லை. செல்வியின் முகம் மலர்ந்தது. மேடம் புடவைக்கு மேல் போட்டுக்கொண்டு, ஜிப்பைக் கழுத்துவரை ஏற்றி, எங்கள் பக்கம் திரும்பினார்.

புலியின் மூக்கில் ஒரு பக்கத்தைக் காணோம். இடது கண் மூக்கோடு போய் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு கண் ஜோலார்பேட்டையைப் பார்த்தது. இன்னொன்று தன் மூக்கையே பார்த்தது. காட்டு மிருகம் மாதிரியா இருந்தது? கல்யாணப் பந்தியில் தன் இலைக்கு மட்டும் வடை வராத ஆள் மாதிரி இருந்தது.

மேடம் கண்ணாடிமுன் போய் நின்று பார்த்தார். “ஏழுமலை, இது யாரைப் பாக்குது?”

நான் குனிந்து ரப்பர் கட்டையைத் துடைத்தேன். தனசேகர் முந்திக்கொண்டார்.

“தையல்தான் மேடம் தப்பு. ஜாஸ்தி மடிச்சுட்டா. ஷூலருந்து வந்தவ இல்ல?”

“இல்ல சார், அரை இஞ்ச்தான் மடிச்சேன். நீங்க சொன்ன அளவுதான்” என்றாள் செல்வி.

“அப்போ இன்னா, புலி தானா கண்ணை நகத்திக்கிச்சா?”

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். இஸ்திரி போடும் பாபு, “இது வண்டலூர்ப் புலி இல்லப்பா, செல்விப் புலி” என்றான். சிரிப்பு இன்னும் பெரிதாயிற்று. மேடம் மட்டும் சிரிக்கவில்லை. சட்டையைக் கழற்றி மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு, “இன்னொண்ணு தைங்க. டீக்கு அப்புறம் பாக்கறேன்” என்று போய்விட்டார். அவர் தலை மறைந்ததும் தனசேகர் செல்வியிடம், “நாளையிலருந்து பழைய எடத்துக்கே போய்க்கோ” என்றார்.

ஜிப் ஏறிய அந்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது. தோலில் வளர்ந்தவனைத் தவிர வேறு எவனும் செய்திருக்க முடியாத தப்பு அது. ஷூவில் இரண்டு துண்டைச் சேர்க்கும்போது ஒன்றன்மேல் ஒன்றை ஏற்றித் தைப்போம். கீழே போகும் துண்டுக்குத்தான் கூடுதல் இடம் விட வேண்டும். மேல் துண்டுக்கு வேண்டாம். இத்தனை வருஷமும் என் கைக்கு அதுதான் பழக்கம். துணி அப்படியில்லை. ஜிப்புக்கு இரண்டு ஓரமும் உள்ளே மடியும். நான் புலியின் வலப்பாதிக்கு அரை இஞ்ச் விட்டு, இடப்பாதியை ஓரம்வரை கொண்டுபோய் அடித்திருந்தேன். செல்வி சரியாக மடித்தாள். மடிப்புக்குள் போனது என் புலியின் மூக்கு.

தெரிந்தும் சும்மா இருந்தேன். டீ வந்தது. குடித்தேன். இருநூறு ஜோடியும் எனக்குப் பின்னால் காய்ந்துகொண்டிருந்தன. நானூறு கண்ணும் என் முதுகில்.

செல்வி டீக்குப் போகவில்லை. இரண்டாவது சட்டையும் அதே மாதிரி வந்திருந்தது. தையலைப் பிரித்து, டேப் வைத்து அளந்து, மறுபடி மடித்து, மறுபடி அளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தாள்.

“அண்ணா, உங்க கண்ணு டேப்புன்னு எல்லாரும் சொல்றாங்க. நீங்களே பாத்துச் சொல்லுங்க. நான் ஜாஸ்தி மடிச்சிருக்கனா? எனக்கு இப்போ என் கை மேலயே சந்தேகமா கீது.”

சட்டையை வாங்கினேன். அவளிடமே டேப்பையும் வாங்கி மடிப்பில் வைத்துப் பார்த்தேன். நூல் பிசகாமல் அரை இஞ்ச்.

“உன்மேல தப்பில்ல. போய் டீ குடி” என்றேன். யார்மேல் தப்பு என்று சொல்லவில்லை.

மேடம் அறைக்குப் போனேன். கையில் இடப்பாதி ஸ்கிரீன். மேசையில் அதை வைத்து, “மேடம், புலிக்கு ஒன்றரைக்கண் வெச்சது நான்தான்” என்றேன்.

“அப்படியா” என்றார். இந்தத் தடவை சட்டையிடம் அல்ல. எழுந்து, ஸ்கிரீனை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஓரத்தில் விரல் வைத்தார். “ஒரு பீஸ் அடிக்கச் சொன்னேனே?”

“சொன்னீங்க மேடம்.”

“இருநூறும் இப்படித்தானா?”

“ஒண்ணு விடாம மேடம். நான் அடிச்சா எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும்.”

அந்த நேரத்திலும் எனக்கு அப்படித்தான் வந்தது. அவர் உதடு லேசாக அசைந்தது. சிரிப்பாக இருந்திருக்கலாம். “வேற துணி இல்ல. நாளைக்கு அந்த ஆளு வர்றாரு. இப்போ புலிக்கு இன்னா வைத்தியம்? அதைச் சொல்லுங்க” என்றார்.

நான் சொன்ன வைத்தியங்களை இங்கே எழுதப் போவதில்லை. ஒன்றில் புலிக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டினேன் என்பது மட்டும் போதும். கடைசியில் மேடம் செல்வியைக் கூப்பிட்டு விட்டார். அவள் பயந்துகொண்டே வந்தாள். மேசையில் கிடந்த இரண்டு பாதியையும் பார்த்தாள். ஸ்கிரீனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

“மடிச்சாத்தானே மேடம் மூக்கு உள்ள போவுது? மடிக்கவே வேணாம். ஷூ வாய்க்கு நாடா கட்டற மாதிரி இந்த ஓரத்துக்கும் நாடா கட்டிட்டு, அதுக்கு அடியில ஜிப்பை வெச்சுத் தைச்சுடலாம். அந்தப் பக்கம் ஜாஸ்தி கீற அரை இஞ்ச்சை வெட்டிட்டா ரெண்டும் சமமாய்டும்” என்றாள்.

மேடம் ஷூ பிரிவிலிருந்து கறுப்புப் பருத்தி நாடா ஒரு சுருள் வரவழைத்தார். ஒரு துண்டு வெட்டி, தன் டீ டம்ளரைக் கழுவி, வெந்நீர் ஊற்றி, அதில் போட்டுச் சாயம் விடுகிறதா என்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். வெளியே எடுத்து வெள்ளைத் துணியில் தேய்த்தார். துணி வெள்ளையாகவே இருந்தது. “தைம்மா” என்றார்.

செல்வி தைத்தாள். மேடம் போட்டுக்கொண்டார், ஜிப்பை ஏற்றினார். முழு மூக்கு, இரண்டு கண். நடுவில் இறங்கிய கறுப்பு நாடா புலியின் வரிகளில் இன்னொரு வரி மாதிரி உட்கார்ந்துவிட்டது. கையைத் தூக்கினார், உட்கார்ந்தார், எழுந்தார். வியர்வை இறங்கியது. கையெழுத்துப் போட்டார். மறுநாள் வந்த ஆள் நாடாவைத் தடவிப் பார்த்துவிட்டு, ஓநாய்க்கும் இதே மாதிரி வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

செல்வி அங்கேயே நிரந்தரமானாள். கதை இதோடு முடிந்திருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன்.

அன்று அறையைவிட்டு வெளியே வரும்போது மேடம் கேட்டார். “தனசேகர்கிட்டயும் மத்தவங்ககிட்டயும் நான் சொல்லட்டுமா, நீங்க சொல்றீங்களா?”

“நானே சொல்றேன் மேடம்.”

சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். பிறகு அடுத்த ஆர்டர் வந்தது. பிறகு எல்லோரும் மறந்திருப்பார்கள் என்று நினைத்தேன். மறப்பார்களா? பாபு வைத்த பெயர் நிலைத்துவிட்டது. எந்தச் சட்டையில் எது கோணலாக வந்தாலும் ‘செல்விப் புலி’. பட்டன் தப்பினால் செல்விப் புலி, பாக்கெட் ஏறி இறங்கினால் செல்விப் புலி. புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கு அந்தச் செல்வி யாரென்றே தெரியாது. அவளிடமே வந்து, “அக்கா, இது செல்விப் புலி ஆய்டுச்சு” என்று சட்டையை நீட்டுவார்கள். அவள் வாங்கிப் பிரித்துத் தைத்துக் கொடுப்பாள். தனசேகர் இருந்த இடத்துக்கு அவளே சூப்பர்வைசராக வந்த பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. நானோ, நாடா கட்டும் யோசனை யாருடையது என்று யாராவது கேட்டால் மீசையைத் தடவிக்கொண்டு வேறு பேச்சுப் பேசுவேன்.

என் ஓய்வு விழாவில் பொன்னாடை போடவில்லை. செல்வி ஒரு பழைய பிளாஸ்டிக் பையோடு மேடைக்கு வந்தாள்.

“ரோஸ்லின் மேடம் ரிடையர் ஆகிப் போகும்போது சாம்பிள் பீரோலருந்து எடுத்து என்கிட்ட குடுத்தாங்க அண்ணா. நீங்க ரிடையர் ஆகற அன்னிக்குப் போட்டு விடச் சொன்னாங்க.”

பிரித்தேன். அதே புலி, முதல் புலி. மேடத்திடம் பழகிய பழக்கம், உள்பக்கத்தைத் திருப்பினேன். தையலில் அம்பு இல்லை. முகத்துக்குத் திருப்பினேன். இடது கண்ணுக்குப் பக்கத்தில், அச்சின்மேல், நிறம் மங்கிய ஒரு சிவப்பு அம்பு ஒட்டியிருந்தது.

மே மாதம், தகர ஷெட். போட்டுக்கொண்டேன். தொப்பை குறுக்கே வந்தது. புலி இரண்டு பாதியாகவே நின்றது. “மூச்சை உள்ள இழுங்க அண்ணா” என்று செல்வி ஜிப்பைப் பிடித்து ஏற்றினாள். ஏற்றும்போது குனிந்திருந்த அவளிடம் மெதுவாகக் கேட்டேன்.

“உனக்கு எப்போலருந்து தெரியும்?”

“அன்னிக்கு டீ டைம்லயே தெரியும். நீங்க டேப்பை வாங்கி அளந்தீங்களே? அதுவரைக்கும் நீங்க டேப் தொட்டு நான் பாத்ததே இல்ல.”

ஜிப் கழுத்துக்கு வந்தது. கீழே உட்கார்ந்திருந்தவர்கள் புலியைப் பார்த்தார்கள். முதல் வரிசையிலேயே ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு, “ஐயோ, செல்விப் புலி!” என்றாள். கூட்டம் சிரித்தது. மைக்கை என் கையில் கொடுத்தார்கள். நாலு பக்கத்துக்குப் பேச்சு எழுதிக் கொண்டுபோயிருந்தேன், முழுக்க என் சாதனைகள். அதை மடித்துப் பாக்கெட்டில் வைத்தேன்.

“நல்லாப் பாருங்க. தையல் சரி, அச்சுதான் தப்பு. அடிச்சவன் நான். இருநூறு பீஸ். காப்பாத்துனவ இதோ நிக்கறா” என்றேன்.

சிரிப்பு நின்றது. பாபு பின்வரிசையில் எழுந்து நின்று பார்த்தான். செல்வி மைக்கைப் பிடுங்கி, “அண்ணா, மயக்கம் வரும், முதல்ல கழட்டுங்க” என்றாள். அதோடு விழா முடிந்தது.

போன வாரம் அவள் போன் செய்தாள்.

“அண்ணா, புது மெஷின்ல ஒரு ஆந்தை கோணலா விழுந்துடுச்சு. பொண்ணுங்க இன்னா சொல்றாங்க தெரியுமா? ‘மாஸ்டர் புலி’ன்றாங்க.”

“வெறும் மாஸ்டர்னா எந்த மாஸ்டர்னு நாளைக்கு எவனுக்கும் தெரியாது செல்வி. ‘ஏழுமலைப் புலி’ன்னு முழுசா சொல்லச் சொல்லு” என்றேன்.